கண்ணும் இருட்டறையும்

சிறு பிள்ளை ஒன்றை அழைத்து, “எதனாற் காண்கின்றாய்?” என வினவினால், “கண்ணால்” என்னும் விடை உடனே வரும். “கண் எவ்வாறு காண்கின்றது?” என அடுத்து வினவினால், பிள்ளை சற்றே சிந்திக்கும். சிந்தித்தபின், தன் கண்ணிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதாகவே பெரும்பாலும் கூறும். சொல் வராதவிடத்துக் கையை நீட்டிக் காட்டும். முல்லைத்தீவுக் கடலோரத்துப் பிள்ளைக்கும், வவுனியாவின் குளக்கரைப் பிள்ளைக்கும், கடல் கடந்த நகரங்களில் வாழும் பிள்ளைக்கும் இவ்விடை பொதுவானது. சுவிற்சர்லாந்து தேசத்து உளவியலறிஞர் பியாஜே, குழந்தைகளிடம் இத்தகைய எண்ணம் இருப்பதை 1920களிலேயே குறித்து வைத்தார். வளர்ந்தோர் சிலரிடத்தும் அது நீங்காது நிற்கின்றது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

பிள்ளையின் விடை பிழையானது. ஆயினும் பேதைமையானது அன்று. அது பேசும் மொழியே அவ்விடையை அதற்குக் கற்பித்திருக்கின்றது. தமிழிற் பார்வை ‘ஓடுகின்றது’, ‘விழுகின்றது’, ‘ஊடுருவுகின்றது’. ஒருவரின் கண் மற்றொருவர்மேற் ‘பட்டு’விடுகின்றது. விளைந்து நிற்கும் வயலிற் கண்ணூறு படாதிருக்க உழவர் வெருளி நாட்டுகின்றனர். குழந்தையின் கன்னத்திற் கரும்பொட்டு இடுகின்றனர் தாய்மார். கண்ணிலிருந்து ஒன்று புறப்பட்டுச் செல்லாவிடின் அது எவ்வாறு படும்? இவற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பாடசாலைக்கு வருமுன்னரே கண்ணைப் பற்றிய கொள்கை ஒன்றை உடையதாகவே வருகின்றது. ஆதலின் கண்ணைப் பற்றிய பாடம் வெறும் பலகையில் எழுதப்படுவதன்று. முன்னமே எழுதியிருப்பதன்மீது எழுதப்படுவது.

மனித இனமும் இதே விடையிலிருந்துதான் தொடங்கியது. அவ்விடையினின்று மெய்யான விடைக்கு வந்துசேர அதற்கு ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகள் சென்றன. அந்நெடும் பயணத்திற்கு வழிகாட்டியது விலைமதிப்புள்ள கருவி எதுவும் அன்று. ஓர் இருட்டறையும் அதன் சுவரில் ஒரு சிறு துளையுமே. அவ்வரலாற்றை அறிந்த ஆசிரியர், அதே வழியிற் பிள்ளையையும் சில நாட்களில் அழைத்துச் செல்லலாம்.

கிரேக்க தேசத்தில், கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்கிளிட், கண்ணிலிருந்து நேர்கோடுகளாகக் கதிர்கள் புறப்பட்டுப் பொருளைச் சேர்கின்றன எனக் கொண்டு ஒரு நூல் இயற்றினார். தொலைவிலுள்ள பொருள் ஏன் சிறிதாகத் தோன்றுகின்றது என்பதை அக்கொள்கை கொண்டே அவர் பிழையின்றி விளக்கினார். கோடுகள் சரியாக இருந்தன. அவற்றின் திசை மட்டுமே தலைமாறி இருந்தது. பாரத நாட்டிலும் நியாய நூலார், கண் ஒளியின் கூறு எனவும், கட்கதிர் புறஞ்சென்று பொருளைப் பொருந்துதலாற் காட்சி பிறக்கின்றது எனவும் வாதித்தனர். இரவில் திரியும் விலங்குகளின் கண்கள் ஒளிர்வதை அவர்கள் அதற்குச் சான்றாகக் காட்டினர். வன்னியிற் காட்டோரம் வாழும் பிள்ளை, மின்சூளின் ஒளியில் மரைக்கும் நரிக்கும் பூனைக்கும் கண் பளிச்சிடுவதை அறியும். ஆகவே நியாய நூலாரின் வாதம் அதற்கு இன்றும் இனிக்கும். பௌத்த நூலாரோ, கண் பொருளைச் சென்று தொடாமலே காண்கின்றது என மறுத்துரைத்தனர். இவ்வழக்கு நூற்றாண்டுகள் பல நடந்தும் தீர்வு காணவில்லை. சொல்லை எதிர்த்துச் சொல் நின்றது. இரண்டையும் அளந்து பார்க்க ஒரு சோதனை இருக்கவில்லை.

கண்ணைப் பற்றி முன்னோர் அறியாதிருந்தனர் என்பது இதன் பொருளன்று. சுசுருத சங்கிதை 76 கண்ணோய்களை வகுத்துரைத்தது; தமிழ்ச் சித்த மருத்துவம் 96 எனக் கணக்கிட்டது. கண்ணிற் படர்ந்த புரையை ஊசியால் ஒதுக்கிப் பார்வை தரும் முறையும் நெடுங்காலமாகக் கையாளப்பட்டது. ஆயினும் நோய் தீர்ப்பது வேறு, தொழிற்படும் முறை உணர்வது வேறு. கண்ணுக்குள்ளே என்ன நிகழ்கின்றது என்பதற்கு அங்கும் விடை இல்லை.

முதற்றிருப்பம் ஈராக்கின் பஸ்ரா நகரிற் பிறந்து எகிப்தின் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் என்னும் அறிஞராற் கிடைத்தது. 11ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் அவர் அரபு மொழியில் ஒளியியல் நூல் ஒன்றை எழுதினார். சூரியனை நோக்கினாற் கண் நோகின்றதே, அது ஏன் என அவர் வினவினார். கண்ணிலிருந்து போவதொன்று கண்ணை வருத்துமா? வெளியிலிருந்து வருவதொன்றே வருத்த வேண்டும். மேலும், பேரொளியை நோக்கியபின் கண்ணை மூடிக்கொண்டாலும் அதன் சாயல் சற்று நேரம் உள்ளே நிற்கின்றது. உள்ளே ஏதும் நுழையாவிடின் நிற்பது எது?

அத்துடன் அவர் நிறுத்தவில்லை. இருட்டறை ஒன்றின் துளைக்கு வெளியே விளக்குகள் பலவற்றை வரிசையாக வைத்தார். உள்ளே சுவரில் அத்தனை ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தபோது அதற்கு நேரான பொட்டு மறைந்தது. விளக்கைத் திறந்தபோது மீண்டும் தோன்றியது. ஒளிகள் ஒரே துளையின் வழியே சென்றும் ஒன்றோடொன்று கலந்து குழம்பவில்லை. ஒவ்வொன்றும் தன் நேர்வழியே சென்றது. ஒளி பொருளிலிருந்து நேர்கோட்டில் வந்து கண்ணுட் புகுகின்றது என்னும் கொள்கை இவ்வாறு நிலைபெற்றது. எண்ணெய் விளக்குகள் மூன்றும், துளையிட்ட மட்டையொன்றும், இருண்ட மாலைப்பொழுதும் இருப்பின், இச்சோதனையை எந்தக் குடிசையிலும் செய்து காட்டலாம். பிள்ளையே தன் கையால் ஒரு விளக்கை மறைத்துப் பார்க்கலாம். அக்கணத்திற் கோட்டின் திசை அதன் மனத்தில் மாறுகின்றது.

இனி, வன்னியின் பழைய வீடுகள் தம்மளவிலேயே இத்தகைய அறைகளாக இருந்தன என்பது நினைவு கூரத்தக்கது. மண்சுவரும் கிடுகுக் கூரையும் உள்ள வீட்டில், நண்பகலிற் கூரையின் சிறு ஓட்டைகள் வழியே வெயில் இறங்கி, சாணம் மெழுகிய நிலத்தில் வட்ட வட்டமாக விழும். ஓட்டைகளோ வட்டமானவை அல்ல. ஓலை கிழிந்தவிடம் நீண்டும் கோணியும் இருக்கும். ஆயினும் நிலத்தில் விழுவது வட்டமே. இதன் காரணம் யாது என்னும் வினா அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் பழைய நூலொன்றிலும் கேட்கப்பட்டுள்ளது. நிலத்தில் விழுவது ஓட்டையின் வடிவமன்று, சூரியனின் வடிவமே என்பதே விடை. பத்தடி உயரத்திலுள்ள சிறு துளையின் வழியே உச்சிவெயில் இறங்கினால், நிலத்து வட்டம் ஏறக்குறைய ஓரங்குல அகலம் இருக்கும். உயரத்தை அகலத்தால் வகுத்தால் ஏறத்தாழ 107 வரும். சூரியனின் தொலைவையும் அதன் விட்டத்தால் வகுத்தால் வருவது அவ்வெண்ணே.

கிரகண காலத்தில் இவ்வுண்மை கண்கூடாகின்றது. 2010 ஆம் ஆண்டு சனவரி 15 ஆம் நாளும், 2019 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாளும் நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணங்களின் பாதை கிளிநொச்சிப் பகுதியின்மேற் சென்றது. அவ்வேளைகளிற் சூரியன் வளையமாகும்போது, மரநிழலில் இலைகளின் இடையே விழும் ஒளிவட்டங்களும் வளையங்களாகவே விழும். வானை அண்ணாந்து பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், நிலத்தைப் பார்த்தே கிரகணத்தைக் காண இது பாதுகாப்பான வழியுமாகும். 1600 ஆம் ஆண்டில் கெப்ளர் என்னும் வானியலறிஞர் ஒரு சூரிய கிரகணத்தைத் துளைவழியாகவே நோக்கினார். அந்நோக்கு அவரைக் கண்ணைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அழைத்துச் சென்றது.

1604 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் கெப்ளர் விடையைக் கூறினார். கண்ணே ஓர் இருட்டறை; கண்மணி அதன் துளை; அதன் பின்னுள்ள வில்லை ஒளியைக் குவிக்கின்றது; பின்சுவராகிய விழித்திரையிற் பொருளின் உருவம் தலைகீழாக விழுகின்றது. இப்னு அல் ஹைதம் இவ்விடத்தில் தயங்கியிருந்தார். உலகம் தலைகீழாகத் தோன்றாதிருக்க, கண்ணில் உருவம் தலைகீழாக விழும் என ஒப்ப அவருக்கு மனம் வரவில்லை. கெப்ளரோ கணக்குக் காட்டியவாறே ஒப்புக்கொண்டார். உருவம் கண்ணிலே விழுவது ஒளியின் தொழில், அதனை உணர்வது உள்ளத்தின் தொழில் என இரண்டையும் பிரித்து வைத்தார்.

கணக்கில் வந்ததைக் கண்ணாற் கண்டோர் பின்வந்தோர். ஷைனர் என்னும் பாதிரியார் 1625 அளவில், விலங்கின் கண்ணை எடுத்துப் பின்புறத்துத் தடித்த தோலைச் சீவிப் பார்த்தபோது, அங்கே சிற்றுருவம் தலைகீழாக நிற்பதைக் கண்டார். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெக்கார்ட் 1637 ஆம் ஆண்டு நூலில், எருதின் கண்ணைச் சாளரத் துளையிற் பொருத்தி, பின்புறத்தில் மெல்லிய வெண்டாளை வைத்துப் பார்க்கும் முறையை விரித்துரைத்தார். இருட்டறைக்குள் நின்றவர், இறந்த எருதின் கண்ணிலே வீதியும் வானமும் தலைகீழாகத் தோன்றக் கண்டார். வில்லை தன் வளைவை மாற்றியே அண்மையையும் சேய்மையையும் தெளிவாக்குகின்றது என்பதை 1801 இல் தோமஸ் யங் நிறுவினார். உயிருள்ள மனிதரின் விழித்திரையை நேரே நோக்கும் கருவியை 1851 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்டார்.

அதே பத்தாண்டிலேதான் கண்ணைப் பற்றிய இப்புதிய அறிவு தமிழிலே எழுதப்படலாயிற்று. அப்பணியைச் செய்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிசன் வைத்தியர். 1822 இற் பிறந்த அவர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் தங்கி, நோயாளரைப் பார்த்ததோடு தமிழ் மாணாக்கருக்கு மேலைநாட்டு வைத்தியமும் கற்பித்தார். அவர் தமிழில் ஆக்கத் தேர்ந்த முதல் நூல் கட்டர் என்பாரின் உடற்கல்வி நூல் என்பது கவனிக்கத்தக்கது. அது வைத்தியருக்கென எழுதப்பட்ட பெருநூலன்று. கல்விச்சாலைகளும் குடும்பங்களும் கற்பதற்கென எழுதப்பட்டது. உடலின் கட்டமைப்பு, அதன் தொழிற்பாடு, நலம் பேணும் முறை ஆகிய மூன்றையும் கூறுவது. ஒரு தேசத்தில் வைத்தியர் தோன்ற வேண்டுமாயின், முதலிற் பிள்ளைகளும் பெற்றோரும் தம் உடலை அறிதல் வேண்டும் என்பதை அத்தேர்வே உணர்த்துகின்றது.

கிறீன் தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவரே. ஆங்கிலங் கற்ற மாணாக்கர் அரச உத்தியோகம் நாடி ஊரை விட்டு அகல்வதைக் கண்டார். தமிழிற் கற்றவரே தமிழ்க் கிராமத்தில் நிலைத்திருப்பர் எனத் துணிந்து, 1864 முதல் வைத்தியக் கல்வி முழுவதையும் தமிழில் நடத்தினார். தம் மாணாக்கரின் துணையோடு இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் எனப் பல நூல்களை அவர் தமிழுலகிற்கு அளித்தார். தமிழில் தகுந்த சொல் உள்ளவிடத்து அதனையும், இல்லாதவிடத்து வடசொல்லையும், அதுவும் இசையாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இணக்கியும் அவர் எடுத்தாண்டார். 1873 இல் தாய்நாடு திரும்பி 1884 இல் மறைந்தார். மானிப்பாயில் அவர் பெயரால் வைத்தியசாலை ஒன்று நிலவுகின்றது.

அவர் ஆண்ட சொற்கள் பல இன்று வழக்கிலில்லை. அங்காதிபாதம் உடலமைப்பியல் ஆயிற்று. சுகரணம் உடற்றொழிலியல் ஆயிற்று. சொற்கள் உதிர்ந்தன, ஆயினும் தமிழிற் கண்ணைப் பற்றி எழுதலாம் என்னும் துணிவு உதிரவில்லை. இன்று இலங்கையிற் பாடநூல் படிக்கும் பிள்ளை, விழிவெண்படலம், கதிராளி, கண்மணி, வில்லை, விழித்திரை என ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழ்ப் பெயர் கற்கின்றது. இவற்றுட் கண்மணி பழந்தமிழ்ச் சொல். அக்கருமணியுள்ளே தெரியும் சிற்றுருவைத் தமிழர் ‘பாவை’ என்றனர். எதிரில் நிற்பவரின் உருவமே அங்கே பொம்மை போலத் தோன்றுவது அப்பெயருக்குக் காரணம். இலத்தீன் மொழியினரும் அதே காட்சியைக் கண்டு, சிறு பொம்மை எனப் பொருள்படும் சொல்லையே கண்மணிக்கு இட்டனர்.

தமிழிற் பிறந்த இவ்வறிவு குடாநாட்டிலிருந்து ஆனையிறவைக் கடந்து வன்னிப் பெருநிலத்திற்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. கிறீன் வாழ்ந்த காலத்து வன்னி, குளங்கள் பல உடைந்து காடு மண்டிக் காய்ச்சல் மலிந்து, மக்கள் ஐதாக வாழ்ந்த நிலம். ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் அந்நிலையை அறிய உதவுகின்றது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டு, 1930களிற் கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கி, 1940களின் பிற்பகுதியில் மலேரியாவின் கொடுமை தணிந்தபின்னரே ஊர்கள் பெருகின. ஊர்கள் பெருகவே பாடசாலைகளும் பெருகின. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழி ஆயிற்று; 1950களில் அது மேல்வகுப்புகளுக்கும் படிப்படியாக விரிந்தது. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. குடியேற்றக்காரரின் பிள்ளைக்கும், கரைவலை இழுப்பவரின் பிள்ளைக்கும் விழித்திரை என்னும் சொல் இவ்வாறு கிடைத்தது.

சொல் கிடைத்தது, பொருள் கிடைத்ததா என்பது வேறு வினா. பாடநூலிற் கண்ணின் குறுக்குவெட்டுப் படம் உண்டு. ஒரு புறத்தில் மரம்; மறுபுறத்திற் கண்; இடையே கோடுகள். பிள்ளை அப்படத்தை வரைந்து, பெயர்களைக் குறித்து, முழுப்புள்ளியும் பெற்றுவிடும். அக்கோடுகளில் அம்புக்குறி இடுமாறு கேட்டாற்றான் உண்மை வெளிப்படும். கண்ணிலிருந்து மரத்தை நோக்கி அம்பு வரையும் பிள்ளைக்கு, பெயர் மனனமாகியும் யூக்கிளிட்டின் கொள்கையே நெஞ்சில் நிற்கின்றது. கதிராளி என எழுதிய பிள்ளை தன் கதிராளியைக் கண்ணாடியில் ஒருநாளேனும் பார்த்திராதும் இருக்கலாம்.

ஆகவே வரலாறு நடந்த வழியே பாடமும் நடத்தல் நன்று. வெறும் பால்மாப் பேணி ஒன்றின் அடியில் ஆணியாற் சிறு துளை இட்டு, வாயில் எண்ணெய் தடவிய வெண்டாளைக் கட்டினால் ஊசித்துளைக் கமரா ஆயத்தம். பிள்ளை தலையையும் பேணியின் வாயையும் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, வெயிலில் நிற்கும் பனையைத் துளைவழி நோக்கட்டும். தாளிலே பனை தலைகீழாக நிற்கும். காற்றில் ஓலை அசைவதும் தெரியும். உச்சியிலிருந்து வரும் ஒளி துளைவழி நேரே சென்று கீழே விழுகின்றது; அடியிலிருந்து வரும் ஒளி மேலே விழுகின்றது. பிள்ளை இதனைக் கோல் ஒன்றைத் துளையில் நுழைத்துச் சாய்த்துப் பார்த்தே உணர்ந்துகொள்ளும்.

அடுத்துத் துளையைப் பெரிதாக்கலாம். உருவம் ஒளிமிகுந்து தோன்றும், ஆனாற் கலங்கிவிடும். சிறுதுளையில் தெளிவு உண்டு, ஒளி இல்லை. பெருந்துளையில் ஒளி உண்டு, தெளிவு இல்லை. இரண்டும் வேண்டுமாயின் என் செய்வது? இவ்வினாவைப் பிள்ளையே கேட்கும்வரை காத்திருத்தல் வேண்டும். கேட்டபின், பாட்டி படிப்பதற்கு அணியும் மூக்குக்கண்ணாடியை இரவல் வாங்கி, இருண்ட அறையிற் சன்னலுக்கு எதிர்ச்சுவரின் முன்னே ஓரடி, ஒன்றரை அடி தூரத்தில் முன்னும் பின்னும் அசைத்துக் காட்டலாம். ஓரிடத்திற் சன்னலும் வெளியே நிற்கும் மரமும் சுவரிலே தெளிவாகத் தலைகீழாய் எழும். கண்ணில் வில்லை எதற்காக உள்ளது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

பின்னர்க் கண்ணாடியின் முன் பிள்ளை தன் கண்ணையே நோக்கட்டும். விளக்கை அருகே கொணர்ந்தாற் கண்மணி சுருங்கும், அகற்றினால் விரியும். ஏறக்குறைய 2 மில்லிமீற்றரிலிருந்து 8 மில்லிமீற்றர் வரை அத்துளை மாறவல்லது. துளையைச் சுருக்கி விரிக்கும் திரையே கதிராளி. பூனையின் கண் இருளில் ஒளிர்வதன் காரணத்தையும் இங்கே கூறிவிடலாம். அதன் விழித்திரைக்குப் பின்னே கண்ணாடி போன்ற படலம் உண்டு. புகுந்த ஒளி அதிற் பட்டுத் திரும்புகின்றது. மின்சூளை அணைத்துவிட்டால் அக்கண்ணும் இருண்டுவிடும். நியாய நூலாரின் சான்றுக்கு இவ்வாறு மறுமொழி கிடைக்கின்றது.

தலைகீழாக விழும் உருவம் ஏன் நிமிர்ந்து தோன்றுகின்றது எனக் கூர்மையான பிள்ளை கேட்கும். கண்ணுக்குள்ளே இருந்து அப்படத்தைப் பார்க்க வேறொரு கண் இல்லை என்பதே விடை. விழித்திரையில் ஒளியை உணரும் நுண்கலங்கள் கோடிக்கணக்கில் உள்ளன. அவை பெற்ற செய்தி நரம்புவழி மூளையை அடைகின்றது. கையால் தொட்டும் காலால் நடந்தும் பெற்ற பழக்கத்தோடு சேர்த்தே மூளை உலகை அறிகின்றது. 1890களில் அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் ஸ்ட்ராட்டன், உலகைத் தலைகீழாகக் காட்டும் வில்லைகளைப் பல நாள் அணிந்து வாழ்ந்தார். முதலில் தடுமாறிய அவர், நாட்கள் செல்லச் செல்ல அவ்வுலகிலும் நடமாடப் பழகிக்கொண்டார்.

இப்பாடத்தினாற் பயன் யாது என்பார்க்கு விடை வகுப்பறையின் பின்வரிசையில் உண்டு. கரும்பலகை தெளிவாகத் தெரியாத பிள்ளை, தனக்குத் தெரியவில்லை என்று கூறுவதில்லை. எல்லார்க்கும் உலகம் அவ்வாறே தோன்றுகின்றது என அது நினைக்கின்றது. அது எழுதுவதிற் பிழை மலிகின்றது; மந்தபுத்தி என்னும் பெயர் வந்துவிடுகின்றது. உருவம் விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடுவதாகிய கிட்டப்பார்வையே குறை. குழிவில்லை ஒன்று அதனைத் தீர்க்கும். மூக்குக்கண்ணாடியை முன்னும் பின்னும் அசைத்துச் சுவரிற் கலங்கலையும் தெளிவையும் கண்ட பிள்ளை, தன் கண்ணிலும் அவ்வாறு கலங்கல் உண்டு எனச் சொல்லக் கற்றுக்கொள்ளும். மாலைக்கண்ணும் இவ்வாறே. விழித்திரை மங்கிய ஒளியை உணர்வதற்கு வைற்றமின் ஏ இன்றியமையாதது. இதனை ஆராய்ந்த ஜோர்ஜ் வால்ட் 1967 இல் நோபெல் பரிசு பெற்றார். முருங்கையிலையும் பொன்னாங்காணியும் பப்பாசிப்பழமும் வன்னி வளவுகளிலே விளைவன.

அவ்வளவுகள் எல்லாம் ஒருகால் வெறுமையாயின. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடங்கி 2009 மே மாதம் வரை வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தனர். கட்டடங்கள் இடிந்தன, புத்தகங்களும் உபகரணங்களும் அழிந்தன, கண்ணொளி இழந்தோரும் உளர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே, தறப்பாள் கொட்டில்களிற் பிள்ளைகள் மீண்டும் பாடம் படித்தனர். முகாம் 2012 இல் மூடப்பட்டது. பாடசாலைகள் படிப்படியாக எழுந்தன. ஆய்வுகூடம் எல்லாவிடத்தும் உடனே எழவில்லை. ஆயினும் தறப்பாளில் ஒரு கிழியலும், தகரத்தில் ஓர் ஆணித்துளையும் உள்ளவிடத்தில் இப்னு அல் ஹைதமின் அறை உண்டு. கெய்ரோவில் அவர் கண்டதற்கும், தகரக் கொட்டிலிற் பிள்ளை காண்பதற்கும் ஒளியின் விதியில் வேறுபாடு இல்லை.

ஈராயிரம் ஆண்டு வழக்கைத் தீர்த்த சான்று, நண்பகல்தோறும் கூரையினின்று இறங்கி நிலத்தில் விழுந்துகொண்டே இருந்தது. அதனைச் சுட்டிக்காட்ட ஒருவரும், அதற்குப் பெயர் சொல்லப் பிள்ளையின் தாய்மொழியும் வேண்டியிருந்தன. பெயர்களைக் கிறீனும் அவருக்குப் பின்வந்தோரும் தேடித் தந்தனர். சுட்டிக்காட்டும் பணி ஒவ்வோர் ஆண்டும் புதிதாய் வரும் வகுப்புக்காக ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் எஞ்சியுள்ளது.